எட்டுப் பாய்க் காத்தாடி

என் ஓரகத்திக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத வயது எனக்கு அப்போது. "தண்ணி உப்பாச்சுன்னா உன் வூட்டுக்கு நானே மொண்டாந்து ஊத்துறேன், போதுமா?" என்று நாலு பெண்கள் கேட்க, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன். அந்த ஒரு வரிக்காக ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் இரண்டு குடும்பத்துக்குத் தண்ணீர் சுமந்தேன். இப்போதும் யாராவது இடுப்பில் கை வைத்துப் பேசினால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல் திட்டில் இருந்தது. மேற்கே ஏரி, கிழக்கே கடல், தெற்கே நடந்துகொண்டே இருந்தால் காட்டுப்பள்ளி. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் தண்ணீர்தான். வாயில் வைக்கத்தான் முடியாது. நான் பிறந்தது ஏரியின் மேற்குக் கரையில், சுண்ணாம்புக்குளத்தில். அங்கே வீட்டுக்குப் பின்னால் கிணறு, ராட்டினம், கயிறு எல்லாம் உண்டு. என்னைக் கட்டிக்கொடுக்கும்போது நைனா, மாப்பிள்ளைக்குச் சொந்தப் படகு இருக்கிறதா, பாய் நல்ல பாயா என்றெல்லாம் விசாரித்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கவில்லை. குடம் தூக்காதவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாது.

வந்த பிறகுதான் தெரிந்தது. மணல் மேட்டின் பள்ளத்தில் அடப்பங்கொடி பச்சையாகப் படர்ந்திருக்கும் இடமாகப் பார்த்து ஊத்து தோண்ட வேண்டும். முழங்கை ஆழம் போனால் மணல் கசியும். அங்கேயே கையை நிறுத்திவிட வேண்டும். பக்கத்தில் குந்திக்கொண்டு, ஊறி வரும் தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். நாலு மொண்டால் ஊத்து வற்றிவிடும். பிறகு அது திரும்ப ஊறும்வரை ஊர்வம்பு பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். விடியற்காலை முழுக்க அதிலேயே போய்விடும்.

கிணற்று ஊர்க்காரி நான். முதல் வாரமே பொறுமை போய், மண்வெட்டியால் இடுப்பளவு தோண்டிவிட்டேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயில் வைத்தால் கடல். நாலு வீடு தள்ளியிருந்த ஒரு பெண் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, தானே மணலைத் தள்ளி என் பள்ளத்தை மூடினாள். மழைத் தண்ணீர் மணலுக்குள் எண்ணெய் மாதிரி மேலாக மிதக்கிறது, கீழே முழுக்கக் கடல் என்றாள். மேலே மெதுவாக எடுத்தால் கடல் சும்மா இருக்கும், அவசரப்பட்டால் அது எழுந்து வந்துவிடும் என்றாள். என்னைவிட நாலு வயது சின்னவள். இரண்டு வருடம் கழித்து அவளே என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எனக்கு ஓரகத்தியாக வந்தாள்.

அவளும் நானும் சேர்ந்து ஒரு ஊத்து வைத்திருந்தோம். இடம் பார்த்தது அவள். சுற்றிலும் பனை ஓலை கட்டி மணல் சரியாமல் காத்தது நான். ஊரிலேயே அதுதான் நல்ல தண்ணீர் என்று மற்றவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர், படகிலிருந்து இறங்கும்போதே ஒரு செருப்பை ஏரிக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊருக்கு அப்போது கரண்ட் கம்பி வரவில்லை. எண்ணெய் மோட்டார் வைக்கலாம் என்று பேச்சு வந்து, எண்ணெயைப் படகில் யார் சுமப்பது என்று அதுவும் நின்றுபோயிருந்தது. இவர் காற்றாலேயே தண்ணீர் இறைக்கலாம் என்றார். உயரமான இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் எட்டுக் கை கொண்ட சக்கரம், கைக்கு ஒரு துணிப் பாய். காற்று சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் ஒரு கம்பியை மேலும் கீழும் ஆட்டும், கம்பி பம்பை இழுக்கும், தண்ணீர் தொட்டிக்குப் போகும். குழாயைத் திறந்தால் வரும்.

ஆண்களுக்கு அதில் பாய் இருந்தது பிடித்துவிட்டது. இன்ஜினியரைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார்கள். வாடைக் காற்றுக்கு எந்தப் பக்கம் திரும்பும், தெற்கத்திக் காற்று திடீரென்று வலுத்தால் என்ன செய்வது, பாயைச் சுருக்க முடியுமா என்று. பாயைச் சுருக்கலாம், வேண்டாத கைகளில் அவிழ்த்தும் விடலாம், அது உங்கள் கையில்தான் இருக்கிறது என்றார் அவர். என் வீட்டுக்காரர் அன்று இரவு சாப்பிடும்போது, அது கரையில் நிற்கும் படகுதான் என்று எனக்கு விளக்கினார்.

எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டார் இன்ஜினியர். பத்தாவது வரை படித்த மருமகள் நான் ஒருத்திதான். ஒரு நோட்டும் இரண்டு சின்ன மருந்துக் குப்பிகளும் என் கைக்கு வந்தன. ஒரு கிளாஸ் தண்ணீரில் முதல் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். பிறகு இரண்டாவது குப்பியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். தண்ணீர் செங்கல் நிறமாக மாறும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணி எழுத வேண்டும். சொட்டு கூடினால் உப்பு கூடுகிறது என்று அர்த்தம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் மாதிரி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன்.

காத்தாடி நிற்க வேண்டிய இடம் எங்கள் ஊத்துதான் என்று முடிவானது. நல்ல தண்ணீரும் அங்கே, காற்றும் அங்கே. மற்ற பெண்கள் உடனே சரி என்றார்கள். அவர்கள் ஊத்து அவர்களிடமே இருக்கப் போகிறதே. என் ஓரகத்தி மட்டும் முடியாது என்றாள். நான் விட்டுவிடுவேனா? விடிந்தால் குந்த வேண்டாம், கொட்டாங்குச்சி வேண்டாம், இரண்டு மணி நேரம் மிச்சம் என்று அவளிடம் எடுத்துச் சொன்னேன். அவள் அப்போது மாசமாக இருந்தாள், நாலாவது மாதம்.

"அக்கா, நம்ம எடுக்கறது அது ஊறுற அளவு. இது காத்து அடிக்கிற அளவு எடுக்கும்," என்றாள். "மணலுக்குள்ள எவ்ளோ தண்ணி கீதுன்னு காத்துக்குத் தெரியுமா?"

 பதில் இல்லாதபோதுதான் எனக்குக் குரல் ஏறும். அப்போதுதான் இடுப்பில் கை வைத்து அந்த வாக்கைக் கொடுத்தேன்.  அவள் சரி என்று தலையாட்டினாள். காத்தாடியை நம்பி அல்ல, என்னை நம்பித்தான் அவள் சரி என்றாள். அது எனக்கு அப்போதே தெரியும்.

ஊத்தை ஆழமாக்கிச் சிமெண்ட் உறை இறக்கும்போதும் ஒரு சண்டை. இன்ஜினியர் நாலு உறை என்றார், ஓரகத்தி ஒன்றுக்கு மேல் கூடாது என்றாள், மூன்றில் முடிந்தது. தை மாதம் எட்டு வெள்ளைப் பாயும் விரிந்து சக்கரம் சுற்றியது. காற்று அப்போது மிதமாக இருந்ததால் பம்பும் மிதமாகவே இழுத்தது. தொட்டி காலையில் முக்காலுக்கு நிற்கும். ஆறு சொட்டிலேயே தண்ணீர் சிவந்துவிடும். நான் 'ஆறு' என்று அழகாக எழுதி அடியில் கோடு போடுவேன். காலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கினேன். கல்யாணத்துக்குப் பிறகு அப்படித் தூங்கியது அப்போதுதான். ஓரகத்திகூட வயிற்றைத் தள்ளிக்கொண்டு குழாயடியில் நின்றபடியே குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள். பார்த்தாயா என்று நான் கண்ணாலேயே கேட்பேன். அவள் பார்க்காத மாதிரி போவாள்.

பங்குனியில் தெற்கத்திக் காற்று எழுந்தது. உப்புக் காற்றுக்கும் வெயிலுக்கும் அந்த வெள்ளைத் துணி தாங்கவில்லை. ஓரம் ஓரமாகக் கிழிந்தது. புதுத் துணி அனுப்புகிறேன் என்று இன்ஜினியர் கடிதம் போட்டிருந்தார். அதை நான் படித்துக் காட்டியதும் ஊரே சிரித்தது. பாய் தைத்தே பிழைக்கிற ஊர் மதராஸிடம் பாய் கேட்பதா? எட்டுக் கைக்கு எட்டுப் படகுக்காரர்கள், ஆளுக்கு ஒரு பாய் தைத்துக் கட்டுவது என்று பஞ்சாயத்தில் முடிவு செய்தார்கள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. எங்கள் ஆண்களைத் தெரியாதவர்களுக்கு இது புரியாது. ஏரியில் காற்று வலுக்கும்போது எந்தப் படகு முதலில் பாயைச் சுருக்குகிறதோ, அந்தப் படகுக்காரன் அடுத்த பருவம் வரைக்கும் தலை நிமிர்ந்து மீன் ஏலத்துக்கு வர முடியாது. அவன் பெண்டாட்டியைக்கூடக் கேலி செய்வார்கள். இப்படிப்பட்ட எட்டுப் பேரிடம் ஆளுக்கு ஒரு பாய் கொடுத்தால் என்ன ஆகும்? ஒருவர் அரை முழம் அகலம் கூட்டினார். அதைப் பார்த்து அடுத்தவர் முக்கால் முழம் கூட்டினார். என் வீட்டுக்காரர் இரட்டைத் தையல் போட்டு, காற்றைப் பிடித்து வைக்கிற மாதிரி நடுவில் வயிறு விட்டுத் தைத்தார். எல்லாவற்றையும் மரப்பட்டை காய்ச்சிய சாயத்தில் முக்கி எடுத்தார்கள். அந்தச் சாயம் ஏறிய துணி உப்புக்கும் வெயிலுக்கும் அசையாது. அது உண்மை. இன்ஜினியரே பிற்பாடு அந்தத் துணியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

சித்திரையில் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, எட்டுப் பாயையும் விரித்தார்கள். செம்பழுப்பு நிறத்தில் அது சுற்றிய வேகத்தைப் பார்த்து எனக்கே மெய் சிலிர்த்தது. ஆண்கள் வேலையை விட்டுவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி ராத்திரியிலேயே நிறைந்து வழிந்தது. வழிந்த தண்ணீரில் பிள்ளைகள் குளித்தார்கள். நானும் சும்மா இல்லை. பெட்டியில் இருந்த புடவை முழுவதையும் எடுத்து அலசிக் காயப்போட்டேன். அத்தனை தண்ணீரை என் கையால் கொட்டியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

நாலு பாயை இறக்கச் சொல்லு என்று ஓரகத்தி என்னிடம் சொன்னாள். நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எவன் பாயை மொதல்ல எறக்கறது?" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

வைகாசியில் ஒரு நாள் பருப்பு வேகவில்லை. எவ்வளவு நேரம் எரித்தாலும் கல்லாகக் கிடந்தது. பழவேற்காட்டுக் கடைத்தெருவில் நாங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் மரைக்காயர் கடைக்குப் படகேறிப் போய், பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதே மூட்டையிலிருந்து பத்து வீட்டுக்குப் போயிருக்கிறது, யாரும் திரும்பி வரவில்லை, நீ உன் தண்ணீரை மாற்றிப் பாரம்மா என்றார். வரும் வழியெல்லாம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வந்ததும், பத்து நாளாகத் தொடாமல் வைத்திருந்த குப்பியை எடுத்துச் சொட்டை எண்ணினேன். ஆறு, எட்டு, பத்து, பதினைந்து என்று போயும் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது.

அன்று நோட்டில் நான் 'ஆறு' என்று எழுதினேன். மருந்து கெட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் ஆறு என்றே எழுதினேன். அப்போதும் அடியில் கோடு போட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஓரகத்தி என் வாசலுக்கு வந்தாள். பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. வெளியே வரக் கூடாது. கையில் ஒரு டம்ளர் தண்ணீர். என்னிடம் நீட்டினாள். குடித்தேன். உப்பு. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்குக்கூட அவள் வழி விடவில்லை.

அன்றே எட்டுப் பாயையும் இறக்கிச் சக்கரத்தைக் கட்டிப் போட்டார்கள். ஒரே நேரத்தில் எல்லாரும் இறக்கியதால் யாருக்கும் மானம் போகவில்லை. மற்ற வீட்டுப் பெண்கள் அவரவர் பழைய ஊத்துக்குத் திரும்பினார்கள். எங்கள் ஊத்துதான் சிமெண்ட் உறைக்குள் உப்பாகிக் கிடந்தது, பக்கத்தில் புதிதாகத் தோண்டிப் பார்த்தாலும் உப்புதான் ஊறியது. தண்ணீர் இல்லாமல் போனது ஊரில் இரண்டே வீடு, என்னுடையதும் அவளுடையதும்.

அடுத்த நாளிலிருந்து நான் வடக்குப் பக்கத்து ஊத்துகளுக்குப் போனேன். அது வடக்குத் தெருப் பெண்களுடையது. அவர்கள் மொண்டு முடித்த பிறகுதான் எனக்கு. வெயில் ஏறும்வரை காத்திருந்து, குந்தி, மொண்டு, சுடுமணலில் நடந்து வந்து, முதல் நடை அவள் வீட்டுக்கு. வாக்குக் கொடுத்தவள் நான் என்பதால் அவள் வீட்டுக்கு ஊற்றிவிட்டுத்தான் என் வீட்டுக்கு ஊற்றினேன். அவள் பாத்திரத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தண்ணீரைத்தான் பார்ப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள். போதும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. உள்ளே பிள்ளை அழும். எனக்கு அந்தப் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று கை பரபரக்கும். கேட்க வாய் வராது. ஊரிலேயே பெரிய வாய் எனக்கு.

ஆடி மாதம் இன்ஜினியர் வந்தார். கட்டிப்போட்ட சக்கரத்தையும் பாய்களின் அளவையும் பார்த்துவிட்டு, இதைத் தைத்தது யார் என்றுதான் முதலில் கேட்டார். குரலில் கோபம் இல்லை, ஆசைதான் இருந்தது. நான் நோட்டை நீட்டினேன். அவர் பக்கத்தைப் புரட்டுவதற்குள், கடைசி இரண்டு நாளும் பொய் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய்யை அழிக்க வேண்டாம், பக்கத்தில் உண்மையையும் எழுதிவிடுங்கள் என்றார். பிறகு, அந்தப் பெண் ஒன்று போதும் என்றபோது தானும் மூன்று உறை இறக்கினதாகச் சொன்னார். தப்புச் செய்த இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் பஞ்சாயத்து கூடியது. காத்தாடியைப் பிரித்து எளாவூர்ப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உள்ள ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று இன்ஜினியரே சொன்னார். கிணறு ஓய்ந்து, மழை பெய்தால் பழைய ஊத்து திரும்ப வரும் என்றார். ஆண்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது. தங்கள் பாய் செய்த வேலை அது என்று தினமும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். பெண்கள் நாங்கள் வழக்கம்போல ஒரு ஓரமாக நின்றிருந்தோம். முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, தோளில் தூங்கும் பிள்ளையோடு என் ஓரகத்தி முன்னால் நடந்து போனாள்.  என் மானத்தை அங்கே வைத்து வாங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏரியில எல்லாரும் ஒரே நாள்ல ஒரே எடத்துல வலை போடறீங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு எங்கள் ஏரியில் சின்னக் குழந்தையும் பதில் சொல்லும். ஏரியில் மீன்படும் இடங்களுக்குப் பாடு உண்டு. சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். இன்றைக்கு இந்த இடம் இவனுக்கு, நாளைக்கு வேறு ஒருவனுக்கு. முறை இல்லாதவன் அங்கே வலை போட்டால் ஊரே கேட்கும். அவரவர் இஷ்டத்துக்கு அரித்தால் ஏரியில் ஒன்றும் மிஞ்சாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது.

"மீனுக்குப் பாடு வெச்சீங்க. தண்ணிக்கு வெக்கல," என்றாள். "காத்தாடியை ஏன் பிரிக்கணும்? வயித்துல புள்ளையோட குந்தாம நின்னுக்கினே தண்ணி புடிச்சேன். அது எனக்கு மறக்குமா? அது இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு வூடு பாடு. அந்த வூட்டுப் பொம்பளை தண்ணிய வாயில வெச்சுப் பார்த்து, இன்னிக்கு எத்தினி பாய்னு சொல்லட்டும். அந்த வூட்டு ஆம்பளை அத்தினிதான் கட்டணும். வேணாம்னா வேணாம்."

பாய் விஷயத்தைப் பெண்களா சொல்வது என்று ஒருவர் முனகினார்.

"பாயைப் பத்தி நான் பேசல," என்றாள் அவள். "தண்ணியப் பத்தித்தான் பேசறேன்."

 எங்கள் ஊரில் பாடு என்று ஒரு சொல் வந்துவிட்டால் அதற்கு மேல் வாதம் கிடையாது. யாரும் முதலில் பாயைச் சுருக்க வேண்டியதில்லை, பாடு சுருக்கச் சொல்கிறது. அந்த எட்டுப் பேரின் முகத்திலும் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். என் வீட்டுக்காரர்தான் முதலில் சரி என்றார்.

இன்ஜினியர் அப்படியே மணலில் உட்கார்ந்து விரலால் கோடு போட ஆரம்பித்தார். அடி உறை இரண்டையும் மணல் போட்டு மூடிவிடலாம். ஒரே கிணற்றில் இழுக்காமல், இன்னும் இரண்டு இடத்தில் ஒற்றை உறை இறக்கி, மூன்றையும் குழாயால் சேர்த்துவிடலாம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் கடல் சும்மா இருக்கும் என்றார். எந்த இரண்டு இடம் என்று என் ஓரகத்தியைப் பார்த்துக் கேட்டார். அவள் அடப்பங்கொடி இருந்த இடத்தைக் காட்டினாள். மறுநாள் ஐந்து டம்ளரில் ஐந்து விதத் தண்ணீர் வைத்து அவள் நாக்கையும் சோதித்துப் பார்த்தார். உப்புக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக வைத்தாள். ஒரு இடத்தில் மட்டும் இரண்டு டம்ளர் மாறிவிட்டன. வெற்றிலை போட்டிருந்தேன், துப்பிவிட்டு வருகிறேன் என்று போனாள். திரும்பி வந்து அதையும் சரியாக வைத்தாள்.

மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. ஆனால் மணலுக்குள் மழைத் தண்ணீர் சேர வேண்டுமே. தை வரை பம்பைத் தொடக் கூடாது என்று முடிவு. ஐப்பசியில் நல்ல மழை. கூரைத் தண்ணீர் பிடித்த நாட்களில் மட்டும் எனக்கு விடுமுறை. மற்ற நாளெல்லாம் வடக்கு ஊத்து, அவள் வாசல், என் வாசல். ஊருக்கே நல்லது பேசினவள் என்னிடம் மட்டும் பேசவில்லை. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவள் சொன்ன பேச்சை நம்பாமல் இருந்தேன், அதுகூடப் பரவாயில்லை. அவள் பிள்ளை பெற்றுக் கிடந்த நேரத்தில் உப்பென்று தெரிந்தே இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாக்கை எவ்வளவு சுமந்தாலும் அந்த இரண்டு நாள் கரையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

மார்கழிக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது சொட்டு. பொங்கலுக்கு முன்னால் ஏழு. இரண்டு தடவை எண்ணித்தான் எழுதினேன், கோடு போடவில்லை. தையில் பாடு முறைக்குச் சீட்டுப் போட்டார்கள். முதல் பாடு என் ஓரகத்தி வீட்டுக்கு விழுந்தது.

அன்று காலை நான் எப்போதும்போல வெறும் குடத்தோடு வடக்கே போகக் கிளம்பினேன். வாசலைத் தாண்டியதும் அண்ணாந்து பார்த்தேன். எட்டுக் கையில் ஆறு வெறுங்கை. எதிரும் புதிருமாக இரண்டே பாய், அரை வயிறு காற்றோடு நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று என் வீட்டுக்காரர் தைத்தது.

அவள் தெருவில் வந்துகொண்டிருந்தாள். ஒரு இடுப்பில் பிள்ளை, மறு இடுப்பில் நிறைகுடம். நேராக என் வாசலுக்கு வந்தாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, நான் கீழே வைத்த குடத்தில் தன் குடத்தைச் சாய்த்து ஊற்றினாள்.

எட்டு மாதம் அவள் நின்ற மாதிரி இப்போது நான் நின்றேன். என் கண்ணும் தண்ணீரைத்தான் பார்த்தது. ஊற்றுகிறவளின் முகத்தைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் அத்தனை நாளும் என் மேலுள்ள கோபத்தில் மட்டும் குனிந்து நிற்கவில்லை.

"ரெண்டு பாய்தான்க்கா கட்டச் சொன்னேன்," என்றாள். "பருப்பு போட்டுப் பாரு."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே உலை வைத்தேன். அவள் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொதி வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினேன். நசுங்கியது.